காலையில் மட்டும் நொண்டும் பிள்ளை

சங்கரன்கோவிலுக்கும் திருவேங்கடத்துக்கும் இடையே ஒரு நாளைக்கு ஆறு நடை அடிக்கும் தனியார் பஸ் ஒன்றில் பாண்டிராஜ் கண்டக்டர். பதினாறு வருஷ சர்வீஸ். அவரை ஏமாற்றி டிக்கெட் எடுக்காமல் இறங்கியவன் இன்னும் பிறக்கவில்லை என்று அவரே சொல்லுவார். பிறர் வந்து சொல்லட்டும் என்று காத்திருக்கிற பொறுமை அவருக்குக் கிடையாது.

கள்ளத்தூக்கம் போடுகிறவன், "பின்னால எடுத்துட்டாவ" என்று யாரும் இல்லாத பின்சீட்டைக் காட்டுகிறவன், மீசை அரும்பிய பையனை மடியில் அமுக்கி வைத்துக்கொண்டு "இன்னும் அஞ்சு முடியல" என்று சத்தியம் பண்ணுகிற தாய் என்று எல்லாரையும் பார்த்தாகிவிட்டது. "வாயைத் திறக்கவே வேண்டாம். மூஞ்சியப் பாத்தாப் போதும், பொய் தன்னால எந்திரிச்சு நிக்கும்" என்பார். டிரைவர் எபினேசர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே, "நீரு போலீசுல சேந்திருக்கணும் வே" என்று ஏற்றிவிடுவார். அதைப் புகழ்ச்சி என்றே பாண்டிராஜ் எடுத்துக்கொள்வார்.

இப்படிப்பட்ட மனிதரின் வீட்டிலேயே ஒரு கேஸ் முளைத்தது. ஒரே மகள் வேல்விழி. எட்டு வயது, நாலாம் வகுப்பு. பள்ளிக்கூடம் திறந்த ஜூன் மாதம் ஒரு காலையில் பாயில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "எப்பா, முட்டு மடங்கமாட்டேங்கு" என்றாள். சுவரைப் பிடித்து எழுந்து நொண்டி நொண்டி நடந்தாள். பாண்டிராஜ் அன்றைக்கு லீவு போட்டுப் பக்கத்திலேயே இருந்தார். பத்தரை மணிக்கெல்லாம் பிள்ளை தெருவில் நொண்டி விளையாடிக்கொண்டிருந்தது. அதுவும் நல்ல காலால் அல்ல, காலையில் நொண்டிய அதே காலால். அதைப் பார்த்ததும் அவருக்குள் இருந்த கண்டக்டர் விசிலை எடுத்து வாயில் வைத்துவிட்டார்.

"பள்ளிக்கூடம் போற நேரத்துல வலிக்கு, பெல் அடிச்சதும் வலி போயிருது. இது எந்த ஊர் வலி?" என்று மனைவியிடம் கேட்டார்.

மனைவி ராஜகுமாரி அதிகம் பேசாதவள். பேசினால் எண்ணிப் பேசுவாள். "ஞாயித்துக்கிழமையும் காலையில நொண்டத்தான் செய்யுதா. நீங்க பஸ்ஸுக்குப் போயிருதீய, உங்களுக்குத் தெரியல."

"அது, ஒத்திகை பாக்கா" என்றார் பாண்டிராஜ்.

ஆடி பிறந்து, சங்கரன்கோவில் அம்மன் கோயிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறியது. ஊரே ஆடிச்சுற்று சுற்றக் கிளம்பிவிட்டது. அம்மன் ஒற்றைக் காலில் தவம் நிற்கிற அந்த நாட்களில் கோயிலை நூற்றெட்டுச் சுற்று வந்தால், அவள் கால்வலியில் கொஞ்சம் நாம் வாங்கிக்கொண்டதாக ஐதீகம். பாண்டிராஜ் வருஷந்தோறும் பத்து நாளில் தவணையாகச் சுற்றி முடிப்பவர். இந்த வருஷம் ஒரு சாயங்காலம் வேல்விழியையும் கூட்டிக்கொண்டு போனார். பக்தி பாதி, சோதனை பாதி. பிள்ளை பதினொரு சுற்று சுற்றினாள். பத்தாவது சுற்றில் பஞ்சுமிட்டாய் கேட்டு அடம் பிடித்தாளே தவிர, கால் வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் காலையில் தாயின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் குளியலறைக்குப் போனாள். முட்டு அதிரசம் மாதிரி உப்பியிருந்தது.

"நேத்துப் பதினொரு சுத்து சுத்துன காலு, இன்னைக்குப் பத்தடி நடக்கமாட்டேங்குதோ?" என்று பாண்டிராஜ் தீர்ப்பை எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

தபசுக்கு ராயகிரியிலிருந்து வந்திருந்த அவருடைய அக்கா முப்பிடாதியம்மாள் அந்தத் தீர்ப்பை ஒரே நிமிஷத்தில் ரத்து செய்தாள். "ஏலே பாண்டி, உனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? ஆடிச்சுத்து சுத்துன மறுநாளு முட்டு வீங்கியிருக்கு. அம்மா தன் கால்வலிய இந்தப் பச்சப்புள்ளைகிட்ட குடுத்திருக்காளே!"

ஜூனிலேயே நொண்டினாளே என்று ராஜகுமாரி மெல்லச் சொல்லிப் பார்த்தாள். அது எடுபடவில்லை. தெய்வக் காரியத்தில் தேதி பார்க்கிற வழக்கம் முப்பிடாதியம்மாளுக்கு இல்லை. சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி பரவி, ஆட்கள் வந்து வேல்விழியின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஒருத்தி ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்துவிட்டுப் போனாள். இன்னொருத்தி தன் மகனுக்குக் கல்யாணம் எப்போது ஆகும் என்று கேட்டாள். வேல்விழி நன்றாக யோசித்து, "முழுப்பரீட்சை லீவுல" என்று சொல்லி அனுப்பினாள்.

வீடு இரண்டு கட்சியாகிவிட்டது. நடிப்புக் கட்சிக்குப் பாண்டிராஜ் தலைவர், அருள் கட்சிக்கு அக்கா தலைவி. நடுவில் முட்டில் கோயில் புற்றுமண் அப்பிக்கொண்டு பிள்ளை உட்கார்ந்திருந்தது. அதற்கு வலிக்கிறதா என்று ராஜகுமாரி ஒருத்திதான் கேட்டாள்.

தபசுக் காட்சி முடிந்து சாயங்காலம் வீடு திரும்பியதும் முப்பிடாதியம்மாள், "எந்திரிட்டி, இனிமே வலிக்காது" என்றாள். பிள்ளை எழுந்து நேராக நடந்தது. அக்கா போட்ட குலவையில் தெருநாய்கள் எல்லாம் எழுந்து நின்றன. அந்த நேரத்துக்கு அவள் தினமும் நன்றாகத்தான் நடக்கிறாள் என்பது யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. மறுநாள் காலையில் இரண்டு முட்டும் வீங்கியிருந்தன. முப்பிடாதியம்மாள் வெகுநேரம் பார்த்துவிட்டு, "அம்மா திருப்பி வாங்கிக்கிட மறந்துட்டா போல" என்று சொல்லி, ராயகிரி பஸ்ஸைப் பிடித்தாள்.

எதிர்க்கட்சி ஊரைவிட்டே போன தைரியத்தில் பாண்டிராஜ் ஒரு காரியம் செய்தார். பாயில் கிடந்த பிள்ளையின் கையைப் பிடித்து, "எந்திரி, போதும் நடிச்சது" என்று ஒரே இழுப்பில் தூக்கி நிறுத்தினார். பிள்ளை வீறிட்டுக் கத்தியது. மணிக்கட்டும் வீங்கியிருந்ததை அந்த நேரத்தில் அவர் கவனிக்கவில்லை. "நல்லாத்தான் நடிக்க" என்று சொல்லிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு முதல் நடைக்குப் போய்விட்டார். அன்றையிலிருந்து வேல்விழி அவரிடம் வலிக்கிறது என்று சொல்லவில்லை. கேஸ் ஜெயித்துவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார். கெட்டிக்காரர்களுக்கு வருகிற முட்டாள்தனம் சாதாரண ஆட்களுக்கு வராது.

உள்ளூரில் ஒரு டாக்டர் வளருகிற வலி என்று டானிக் எழுதினார். இன்னொருவர் ரத்தம் எடுத்துப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். பாண்டிராஜ் அந்த ரிப்போர்ட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எபினேசரிடம் நாலு தடவை காட்டினார். "ரத்தமே சொல்லுது வே. ரத்தம் பொய் சொல்லுமா?"

செப்டம்பரில் ஒருநாள் ராஜகுமாரி சோறு வைத்துக்கொண்டே, "திங்கக்கிழமை திருநெல்வேலியில பெரிய டாக்டரம்மாகிட்ட காட்டப் போறோம். நீங்க வந்தாலும் சரி, வராட்டாலும் சரி" என்றாள். குரலை உயர்த்தவில்லை. அதுதான் பாண்டிராஜுக்குப் பயமாக இருந்தது. உண்மையைப் பெரிய இடத்தில் நிரூபித்துவிட்டு வரலாம் என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டு அவரும் கிளம்பினார்.

டாக்டரம்மாவுக்கு அவரைவிட வயது குறைவு. முட்டுக்கு மருத்துவம் பார்க்கிறவர், அதிலும் குழந்தைகளுக்கு. "காலையில எந்திரிச்சதும் எவ்வளவு நேரம் இப்படி விறைப்பா இருக்கும்?" என்று கேட்டார்.

பாண்டிராஜ் முந்திக்கொண்டார். "பத்து, பத்தரை வரைக்கும் நடிப்பா மேடம். அதுக்கப்புறம் மறந்துருவா."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டார். "அப்புறம்?"

கேட்கிற ஆள் கிடைத்ததும் பாண்டிராஜ் தன் குற்றப்பத்திரிகையை வரி விடாமல் வாசித்தார். சாயங்காலம் பதினொரு சுற்று சுற்றினாள், மறுநாள் பத்தடி நடக்கவில்லை. நடக்க நடக்கச் சரியாகிறது, உட்கார்ந்து எழுந்தால் மறுபடியும் நொண்டுகிறாள். இன்றைக்குக்கூட பஸ்ஸிலிருந்து இறங்கும்போது நொண்டினாள். முதலில் ஒரு முட்டுதான், இப்போது இரண்டு முட்டு, மணிக்கட்டு என்று ஆளைக் கூட்டிக்கொண்டே போகிறாள். மூன்று மாதமாக இதே கூத்து. ரத்தத்தில் ஒன்றுமில்லை.

"ரொம்ப நன்றி சார்" என்றார் டாக்டரம்மா. "இவ்வளவு தெளிவா எந்த அப்பாவும் வந்து சொன்னதில்ல. நீங்க சொன்ன ஒவ்வொண்ணும் இந்த நோயோட அடையாளம். ராத்திரி அசையாம கிடந்தா முட்டு இறுகிடும், நடமாட நடமாட இளகும். ரத்தம் சரியா இருந்தாலும் இது இருக்கலாம். ஜுவனைல் ஆர்த்ரைட்டிஸ். குழந்தைகளுக்கு வர்ற மூட்டுவாதம்."

"வாதமா? எங்க அக்காவுக்கு அம்பத்தெட்டு வயசு மேடம், அவளுக்கே இன்னும் வரல!"

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். உடம்புக்குள் நோயை எதிர்க்கிற காவல் ஒன்று இருக்கிறது. சில பிள்ளைகளுக்கு, ஏனென்று தெரியாமல், அது தன் சொந்த மூட்டையே எதிரி என்று நினைத்து அடிக்கிறது. பாண்டிராஜ் அதைத் தன் பாஷையில் புரிந்துகொண்டார். டிக்கெட் எடுத்த ஆளையே செக்கிங் இன்ஸ்பெக்டர் கழுத்தைப் பிடித்து இறக்கிவிடுகிற மாதிரி. புரிந்த அந்த நிமிஷமே, அந்த இன்ஸ்பெக்டர் யார் என்பதும் புரிந்துவிட்டது. பதினாறு வருஷ சர்வீஸில் அத்தனை சாட்சியத்தையும் சரியாகச் சேர்த்துக்கொண்டு வந்து, தீர்ப்பை மட்டும் தலைகீழாகச் சொன்ன ஒரே கேஸ் இதுதான்.

வாரத்துக்கு ஒருநாள் மட்டும் போடவேண்டிய மாத்திரை, அதற்குத் துணையாக இன்னொரு மாத்திரை, தினமும் பயிற்சி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கண் பரிசோதனை. முட்டுவலிக்குக் கண்ணில் என்ன பார்க்கிறார்கள் என்று பாண்டிராஜ் கேட்டார். இந்த நோய் சத்தமில்லாமல் கண்ணுக்குள்ளும் போகும் என்று தெரிந்ததும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"முக்கியமான விஷயம் ஒண்ணு" என்றார் டாக்டரம்மா. "மருந்து வேலை செய்யுதான்னு நாங்க பாக்கிறதுல பாதி, இவ சொல்றத வச்சுத்தான். வலிச்சா மறைக்காம சொல்லணும்." சொல்லிக்கொண்டே வீங்கிய முட்டை மெல்ல அழுத்தினார். "வலிக்குதாம்மா?"

வேல்விழி டாக்டரைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கன்னத்தில் இறங்கியது. "இல்ல, வலிக்கல" என்றாள்.

அந்த முகத்திலும் பொய் எழுந்துதான் நின்றது. பாண்டிராஜ் பார்த்துவிட்டார். வலிக்காமல் வலிக்கிறது என்று சொல்லும் பொய்யைத்தான் அவர் மூன்று மாதமாகத் தேடிக்கொண்டிருந்தார். வலித்தும் வலிக்கவில்லை என்று சொல்லும் இந்தப் பொய்யை அவரேதான் பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார். ஊர் திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கேட்டபோது இரண்டு தடவை எடுத்துவிட்டார்.

விஷயம் பஸ்ஸில் பரவியதும் ஊர் தன் கடமையைச் செய்தது. முட்டுவலிக்கு நல்லது என்று முடக்கத்தான் கீரை கட்டுக் கட்டாக வந்து இறங்கியது. வீட்டில் முடக்கத்தான் தோசை, முடக்கத்தான் ரசம், முடக்கத்தான் துவையல். "ஆடுகூட இம்புட்டுத் தழை திங்காது" என்று ராஜகுமாரி சொல்லுகிற அளவுக்கு ஆயிற்று. மிச்சத்தை எல்லாம் பாண்டிராஜ் சாப்பிட்டு, ஒரு நடை முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். புளியங்குடியில் எலுமிச்சை எடுத்துத் திருவேங்கடத்தில் விற்கும் மீரா பீவி கூடையை மடியில் வைத்துக்கொண்டே, "தம்பி, புள்ளைக்கு எலுமிச்சம்பழம் மட்டும் காட்டிராத, வாதத்துக்கு ஆகாது. என் பொழப்பே இதுதான், இருந்தாலும் அல்லாவுக்குப் பொதுவா சொல்லுதேன்" என்றாள். ராயகிரியிலிருந்து அக்கா போன் பண்ணி, வாரம் ஒரு மாத்திரையைத் தினம் ஒன்றாகக் கொடுத்தால் ஏழு மடங்கு சீக்கிரம் குணமாகுமே என்று கணக்குச் சொன்னாள். அது விஷமாகிவிடும் என்று டாக்டரம்மா எச்சரித்திருந்தார். பாண்டிராஜ் மாத்திரையைப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார்.

இதையெல்லாம் சமாளித்துவிட்டார். பிள்ளையின் வாயைத் திறக்கவைக்கத்தான் முடியவில்லை. தினமும் காலையில், "மக்கா, வலிக்கா?" என்பார். "இல்ல" என்பாள். "கொஞ்சம்கூட?" "இல்லப்பா." நொண்டுகிற பிள்ளை நொண்டாததுபோல் நடந்து காட்டும். டாக்டரம்மாவிடம் எதைச் சொல்லுவது? மருந்து போதுமா, கூட்ட வேண்டுமா என்று எப்படித் தெரியும்? வலித்தால் சொல்லு, ஒவ்வொரு தடவையும் சாக்லேட் வாங்கித் தாரேன் என்று பார்த்தார். "அப்ப இனிமேத்தான் பொய் சொல்லப் பழக்குதீய" என்றாள் ராஜகுமாரி.

"மன்னிப்புக் கேளும் வே" என்றார் எபினேசர். பெற்ற மகளிடம் மன்னிப்புக் கேட்கிற வழக்கம் அவர் வம்சத்தில் இல்லை. இருந்தாலும் மூன்று நடை பஸ்ஸில் படிக்கட்டில் நின்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். "மக்கா, அன்னைக்கு அப்பா..." என்று ஆரம்பித்தார். பிள்ளை நிமிர்ந்து பார்த்தாள். "...சாப்ட்டியா?" என்று முடித்துவிட்டார்.

டிசம்பரில் அரையாண்டுப் பரீட்சை. கணக்குப் பரீட்சை அன்று காலை ஏழு மணிக்கு வேல்விழி வந்து நின்றாள். "எப்பா, முட்டு வலிக்கு."

பாண்டிராஜ் அவள் முகத்தைப் பார்த்தார். பிள்ளை சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை இடது முட்டைப் பிடித்திருந்தது, நொண்டியது வலது கால். ஒரு விரற்கடைகூட வீக்கம் இல்லை. பஸ்ஸில் நேற்றுச் சேர்ந்த கிளீனர்கூடக் கண்டுபிடித்துவிடுவான். விசில் அவர் வாய்வரைக்கும் வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டு, "அப்படியா மக்கா? உக்காரு, உக்காரு" என்றார்.

எபினேசரைக் கூப்பிட்டு இன்றைக்கு டூட்டிக்கு வரவில்லை என்றார். வாத்தியார் செல்வக்குமாரைக் கூப்பிட்டார். "சார், பாப்பாவுக்கு முட்டு வலிக்கு, இன்னைக்கு வரமாட்டா."

"இன்னைக்குக் கணக்குப் பரீட்சைல்லா அண்ணாச்சி?"

"தெரியும் சார்."

"இல்ல, பிள்ளைக சில நேரம்..."

"எம்பிள்ளை பொய் சொல்ல மாட்டா சார்" என்று சொல்லி போனை வைத்தார். அப்படி ஒரு பொய்யை அவர் வாழ்க்கையில் சொன்னதில்லை.

வெந்நீர் வைத்து, துண்டை முக்கிப் பிழிந்து இடது முட்டில் ஒத்தடம் கொடுத்தார். ராஜகுமாரி அடுக்களை வாசலில் நின்று, "எனக்கே தெரியுது, உங்களுக்கா தெரியல?" என்று உதட்டை அசைத்தாள். "சும்மா இரு" என்று அவரும் உதட்டை அசைத்தார். கொஞ்ச நேரத்தில் பிள்ளை மறந்துபோய் வலது முட்டைக் காட்டியது. பாண்டிராஜ் ஒன்றும் கேட்காமல் துண்டை வலது முட்டுக்கு மாற்றினார். மறுபடியும் இடது என்றது. மறுபடியும் இடதுக்கு மாற்றினார். மூன்று பானை வெந்நீர் ஆயிற்று. அவர் முதுகெல்லாம் வேர்த்துவிட்டது. பிள்ளை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மணி பத்தடித்தது. பள்ளிக்கூடத்தில் கேள்வித்தாள் கொடுத்திருப்பார்கள்.

"எப்பா."

"என்ன மக்கா?"

"இன்னைக்கு முட்டு வலிக்கல."

"வலிக்கலன்னா நல்லதுதான மக்கா" என்று அவர் ஒத்தடத்தை நிறுத்தவில்லை.

"நேத்துதான் வலிச்சுது. முந்தாநேத்தும் வலிச்சுது."

அவர் கை நின்றது.

"விரலும் வலிக்கு. பென்சில் பிடிக்க முடியல. கணக்கெல்லாம் தெரியும்ப்பா. எழுதத்தான் முடியல."

"ஏன் மக்கா சொல்லல?"

"சொன்னா நடிக்கேன்னு சொல்லுவிய."

பாண்டிராஜுக்கு, படிக்கட்டில் நின்று ஒத்திகை பார்த்த வார்த்தை ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. "அப்பா தப்புப் பண்ணிட்டேன் மக்கா. உன்னைய நம்பாம இருந்துட்டேன்" என்றார். அழுகை வந்தது, அழுதார். அப்பா அழுவதை அதற்குமுன் பார்த்திராத வேல்விழி, அவர் கையிலிருந்த ஈரத்துண்டை எடுத்து அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள். "எந்த விரல்?" என்று கேட்டார். வலது கையை நீட்டி ஆள்காட்டி விரலைக் காட்டினாள். பிறகு நடுவிரல். பிறகு கட்டைவிரலின் அடி. பிறகு, இதையும் சொல்லலாமா என்று அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, இடது கணுக்கால்.

அவர் பீரோவில் இருந்த பைலை எடுத்து, அதில் இருந்த நம்பருக்கு அடித்தார். நாலாவது தடவை டாக்டரம்மாவே எடுத்தார். "மேடம், சங்கரன்கோவில் பாண்டிராஜ் பேசுதேன். எம்பிள்ளை சொல்லிட்டா மேடம்! வலிக்குன்னு சொல்லிட்டா!" லாட்டரி விழுந்தவன்போல் அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

"எங்க வலிக்குதாம், எத்தனை நாளா?" என்று டாக்டரம்மா பதறிக் கேட்டார்.

"இருங்க மேடம், அவளே சொல்லுவா" என்று போனைப் பிள்ளையிடம் நீட்டினார். அவள் வாங்கக் கையைத் தூக்கியதும் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டார். விரல் வலிக்கிற பிள்ளை போனைப் பிடிக்க வேண்டாம் என்று, அவள் ஒவ்வொரு வலியாகச் சொல்லி முடிக்கிறவரை, அவரே அதை அவள் காதோரம் பிடித்துக்கொண்டு மண்டியிட்டிருந்தார்.